பாரத்துக்குத் தக்க எண்ணெய்

குறிச்சிக் குளத்துக்குத் தெற்கே, வார்ப்படப் புகையும் லேத் சத்தமும் இல்லாமல் ஒரு பொழுதும் விடியாத எங்கள் பட்டறைத் தெருவில், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, இயந்திரங்கள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இன்னும் ஓடத் தொடங்காமல் நின்றிருந்த நேரத்தில், நாங்கள் எழுந்து கையைக் காலை நீட்டியபோது எல்லோருடைய முட்டியிலும் முழங்கையிலும் தோளிலும் இடுப்பிலும் விரல் கணுக்களிலும், தாடை காதோடு சேரும் இடத்திலும்கூட, ஒவ்வொரு சின்னப் பித்தளைக் குமிழ் முளைத்திருந்தது. லாரி அச்சில் கிரீஸ் அடிப்பதற்கு வைத்திருப்பார்களே, அதே குமிழ்தான். நுனியில் கடுகளவு ஒரு குண்டு இருக்கும், அமுக்கினால் உள்ளே போய் வழிவிடும், விட்டால் மூடிக்கொள்ளும். வேறு தெருவாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் வந்த ஒரே யோசனை, இதற்கு என்ன அடிப்பது என்பதுதான்.

ஏன் முளைத்தது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இயந்திரத்துக்குக் காட்டிய கற்பூரத்தை நாங்களும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதால் வந்தது என்று சிலர் சொன்னார்கள், பூஜைப் பொரியில் ஏதோ கலந்திருந்தது என்று சிலர் சொன்னார்கள், டவுனிலிருந்து வந்த டாக்டர் அமுக்கிப் பார்த்து, எழுதிக்கொண்டு, தெருமுனை தாண்டுவதற்குள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குள் மத்தியானமாகிவிட்டது. நடந்தால் முட்டி கிறீச்சிட்டது, சோற்றை மென்றால் தாடை கிறீச்சிட்டது, வணக்கம் வைத்தால் முழங்கை கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் சுருக்கென்று ஒரு வலி இருந்தது, அந்த வலி மூட்டோடு நிற்காமல் உள்ளே எங்கோ போய்ப் பழைய வருத்தம் எதையாவது தொட்டுவிட்டு வந்தது. குனிந்து செருப்பு மாட்டியவன் பத்தாம் வகுப்பில் ஃபெயிலானதை நினைத்துக் கண் கலங்கினான்.

முதலில் எல்லோரும் செய்தது ஒரே தப்புதான். வீட்டில் கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய், அதைத்தான் ஊற்றிக்கொண்டோம். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அது உள்ளே பிசின் மாதிரி ஒட்டத் தொடங்கியது, மார்கழி வந்ததும் உறைந்தே போனது. காலையில் பால் வாங்கப் போனவர்கள் பூத் வாசலில் கையை நீட்டியபடியே நின்றார்கள், பஸ்ஸுக்குக் கை காட்டியவர்கள் பஸ் போன பிறகும் காட்டிக்கொண்டே நின்றார்கள், வெயில் ஏறி எண்ணெய் இளகின பிறகுதான் ஒவ்வொருவராக அசைந்து வேலைக்குப் போனார்கள். முதலாளிகள் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். அப்போதுதான் நாங்கள் நாச்சிமுத்துவின் கடைக்குப் போனோம்.

நாச்சிமுத்து தெரு நடுவில் பேரிங் கடை வைத்திருப்பவர். மோட்டார், பம்ப், தையல் மிஷின், மின்விசிறி என்று சுற்றுகிற எதுவானாலும் அதற்குள் இருக்கும் பேரிங்கும் அதற்கு இடுகிற எண்ணெயும் அவரிடம் கிடைக்கும். அவர் மனைவி துளசிமணி வீட்டிலேயே உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருவாள், தெருவில் அவள் கையால் சுற்றிய காயிலுக்குத் தனி மதிப்பு. ஒரே மகள் தாரணி, மூன்றாம் வகுப்பு. நாச்சிமுத்து யார் வந்து எண்ணெய் கேட்டாலும் டப்பாவை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். எவ்வளவு வேகமாகச் சுற்றும், எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் நிற்கும். மோட்டாருக்குக் கேட்ட கேள்விகளையே அவர் மனிதர்களுக்கும் கேட்டார்.

பாரமில்லாமல் வேகமாகச் சுற்றுவதற்கு நீர்த்த எண்ணெய், மெதுவாகச் சுற்றிப் பாரம் தாங்குவதற்குக் கெட்டி கிரீஸ் என்பார். அப்படியே தையல்காரிகளின் விரல்களுக்குத் துணியில் கறைபடாத வெள்ளை எண்ணெயும், மூட்டை தூக்குகிறவர்களின் இடுப்புக்குக் கருப்பு கிரீஸும் கொடுத்தார். உலைக்கு முன்னால் நிற்கும் வார்ப்படத் தொழிலாளிகளுக்குச் சாதாரண கிரீஸ் உருகி ஒழுகிவிடும் என்று சூடு தாங்குகிற கிரீஸ் வரவழைத்தார். மணலில் வேலை பார்க்கிறவர்களுக்கு எண்ணெயே ஆகாது, தூசியை இழுத்துச் சேறாக்கிவிடும் என்று பென்சில் கரி மாதிரியான உலர்ந்த பொடியை ஊதிவிட்டார். தண்ணீரில் நிற்கும் சாயப்பட்டறைக்காரர்களுக்குக் கழுவினாலும் போகாத கிரீஸ். குழந்தைகளுக்குக் கைக்கடிகார எண்ணெய், அதுவும் ஊசி முனையில் ஒரு சொட்டு. தாரணியை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மேஜைமேல் உட்கார வைத்து ஒவ்வொரு விரலாகப் பிடித்து அவர் சொட்டு வைப்பதும், அவள் கூச்சம் தாங்காமல் நெளிவதும் நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான்.

வழக்கம் என்பது இப்படித்தான் உண்டாகிறது. இரண்டு வகை கிரீஸ் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டும் கெட்டு நீராக ஓடிவிடும் என்று அவர் சொல்லப்போக, பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளைக்கு என்ன கிரீஸ் என்றும் கேட்கத் தொடங்கினார்கள். ரொப்பி அடித்தால் சூடேறும், மூன்றில் ஒரு பங்கு போதும் என்று அவர் சொன்னதைக் கேட்காமல் ரொப்பிக்கொண்ட லேத் பட்டறைக் கருப்பணன் ஒரு மாதம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார், கிரீஸை வழித்தெடுத்த பிறகு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். தக்க எண்ணெய் இட்டால் மூட்டு கத்தாது, வலி இருக்கும், ஆனால் உருண்டு உருண்டு வந்து போய்விடும். முட்டிவலி என்று யாரும் லீவு போடுவதில்லை என்பதால் முதலாளிகள் ஷிப்டைக் கூட்டினார்கள், முன்பானால் கோபப்பட்டிருக்கும் நாங்கள் பேசாமல் வேலைக்கு நின்றோம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம் என்பதுதான் கேவலம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல்நாள், இயந்திரங்களின் பழைய எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுப்பது தொழில் முறை என்பதால், மனிதர்களுக்கும் கழுவினோம். குமிழ் வழியாக மண்ணெண்ணெய் ஏற, பழைய கிரீஸ் கருப்பாக வழிந்தது. பழையது போய்ப் புதியது இடுவதற்கு இடையில் மூட்டு வெறுமையாக இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், வருஷம் முழுவதும் உருண்டுபோன வலியெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. அம்மா செத்ததற்கு ஒருவர் அழுதார், மேஸ்திரி கன்னத்தில் அறைந்ததற்கு ஒருவர் அழுதார், இட்லிக் கடை ரங்கநாயகி அக்கா எதற்கென்றே தெரியாமல் அழுது, முடித்ததும் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு எல்லோரும் புதுக் கிரீஸ் அடித்துக்கொண்டு, முட்டிக்கும் முழங்கைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி தின்றோம்.

அந்தக் கார்த்திகையில் தாரணிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டில் இருந்தாள், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பிறகு இல்லை. தெருவே போய் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

துளசிமணிக்கு அன்று அடித்திருந்தது சாதாரண கிரீஸ், அது அந்தப் பாரத்துக்குத் தாங்கவில்லை. மறுநாள் அவள் எழுந்தபோது உடம்பில் இருந்த அத்தனை மூட்டும் ஒன்றாகக் கத்தின. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. பட்டறைகளில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள் என்று மட்டும் சொல்கிறேன். அவள் உட்கார்ந்தால் கத்தியது, எழுந்தால் கத்தியது, மூச்சுவிடத் தோள் ஏறி இறங்கினால் கத்தியது. அவள் பக்கத்தில் படுத்திருந்தவர் நாச்சிமுத்து.

ஊருக்கெல்லாம் மூன்று கேள்வி கேட்டவர் வீட்டில் ஒன்றையும் கேட்கவில்லை. கடையில் இருப்பதிலேயே நீர்த்தது எது என்று பார்த்து, பஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும் நூற்புக் கதிர்களுக்கு ஊற்றுகிற ஸ்பிண்டில் ஆயிலை எடுத்துவந்து அவள் மூட்டுகளில் ஏற்றினார். சத்தம் சட்டென்று நின்றது. அவள் முகம் சமமாகிவிட்டது. பசிக்கிறது என்றாள், சாப்பிட்டாள், தூங்கினாள். மெதுவாகச் சுற்றுகிற பாரத்தின் கீழே நீர்த்த எண்ணெய் நிற்காது, பிதுங்கி வெளியே வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல, அதனால் தினமும் காலையில் மறுபடியும் ஏற்றினார்.

நாங்கள் அவளைத் தைரியசாலி என்றோம். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவள் சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். தாரணியின் பள்ளிச் சீருடைகளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி, குடம் கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். அந்தக் குடத்தில்தான் குழாயடியில் தண்ணீர் பிடித்தாள். அதைப் பார்த்த ரங்கநாயகி அக்கா மட்டும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

சித்திரை வாக்கில் துளசிமணியின் கையிலிருந்து பொருள்கள் நழுவத் தொடங்கின. டம்ளர் நழுவியது, சீப்பு நழுவியது, பிறகு செம்புக் கம்பி நழுவியது. கம்பியை எவ்வளவு இழுத்துச் சுற்ற வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும். அவள் கை எதையும் சொல்லவில்லை. காயில் தொளதொளவென்று வந்தது, அவள் சுற்றிய மோட்டார்கள் ஓடும்போது புகைந்தன, கம்பெனிக்காரர்கள் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அதிலும் வருத்தம் இல்லை, ஆனால் வருத்தம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தடவிப் பார்ப்பதுபோல அவள் மகளின் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பாளாம். யாருடைய பெயரோ மாதிரி இருக்குமாம். மகள்தான் போய்விட்டாள், அவள் போனதாவது தன்னிடம் இருக்க வேண்டாமா, அதுவும் வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறதே என்று ரங்கநாயகி அக்காவிடம் ஒருநாள் மாவாட்டிக்கொண்டே சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், மகளின் சாவு தன் கைக்குத் திரும்பி வர வேண்டும்.

கையில் இருந்த பிடி எங்கே போனது என்று அவளே யோசித்துக்கொண்டு போனாள். கம்பி சுற்றுகிறவள்தானே, மோட்டாரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியும். மறுபடி ஆயுத பூஜை நெருங்கியபோது, நாச்சிமுத்து காலையில் எண்ணெய்க்குழலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், அவள் கையை நீட்டாமல் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்கு என்ன எண்ணெய் போடறீங்க?"

"ஸ்பிண்டில் ஆயில்."

"அது வேகமா ஓடறதுக்கில்லீங்க போடறது? நான் எங்க ஓடறேன்?"

நாச்சிமுத்து எண்ணெய்க்குழலைக் கீழே வைத்தார். பேரிங்குக்குள் குண்டு உருள வேண்டும் என்றால் கொஞ்சம் பிடிப்பும் வேண்டும், பிடிப்பே இல்லாமல் செய்துவிட்டால் அது உருளாமல் வழுக்கிக்கொண்டே போகும், போகிற வழியெல்லாம் தான் உருளும் தடத்தைத் தேய்த்துத் தின்னும், அதை அவர்தான் எங்களுக்கெல்லாம் சொன்னவர். இந்த வருஷம் உனக்குக் கழுவ வேண்டாம், உடம்பு சரியில்லை என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவள் கோபப்படவில்லை, கோபப்படுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. கழுவிக்கொள்கிறேன் என்றாள்.

பூஜைக்கு முதல்நாள் மத்தியானம், தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து கால் மணி நேரம் அழுது முடித்துப் புதுக் கிரீஸ் அடித்துக்கொண்ட பிறகு, ரங்கநாயகி அக்கா இட்லிக் கடைக்குப் பின்னால் பாயைப் போட்டுத் துளசிமணியை உட்கார வைத்தாள். மண்ணெண்ணெய் ஏற்றினாள். முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு இடுப்பு, முட்டி, கணுக்கால், கடைசியில் விரல்கள். தண்ணீர் மாதிரி எண்ணெய் வழிந்தது, நிற்கிற வரைக்கும் வழிந்தது.

கார்த்திகையில் கேட்ட அதே சத்தம்தான். அன்றைக்குப் பாதியில் நிறுத்தப்பட்டது, இன்றைக்கு மீதியோடு வந்தது. துளசிமணி பாயில் புரண்டாள். சீருடையைக் கொடுத்துவிட்டேனே அக்கா, குடம் வாங்கினேனே அக்கா என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்கள் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த கையோடு நின்றோம். மற்றவர்களுக்குக் கால் மணியில் முடிந்தது அவளுக்கு வெயில் சாயும் வரை முடியவில்லை, இடையில் கருப்பணன் போய் ஏதாவது அடித்துவிடு அக்கா, கேட்க முடியவில்லை என்றார். ரங்கநாயகி அக்கா அவரைப் போகச் சொன்னாள்.

எதை இடுவது என்று துளசிமணியே பார்த்துச் சொன்னாள். வேகம் கிடையாது, பாரம் அதிகம், நிற்க வேண்டிய இடம் வீடு. கல் உடைக்கிற இயந்திரத்தின் அச்சுக்குப் போடுகிற கெட்டியான கருப்பு கிரீஸைக் கேட்டாள், அதையும் மூன்றில் ஒரு பங்குதான் அடிக்கச் சொன்னாள். சத்தம் அடங்கியது, வலி அடங்கவில்லை. அவள் எழுந்து நடந்தபோது ஒவ்வொரு அடியிலும் அது மெதுவாகப் புரண்டு கொடுத்தது. சுவரைப் பிடித்தாள், சுவர் கையில் நின்றது.

நாச்சிமுத்து கடையில் உட்கார்ந்து பூஜைக்காகப் பேரிங்குகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தார். வீங்கிய முகத்தோடு மனைவியும் பின்னால் ரங்கநாயகி அக்காவும் நாங்களும் படியேறி வருவதைப் பார்த்து, முகம் மலர்ந்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். துளசிமணி போய் அவர் கையைப் பிடித்தாள். அது அவள் பிடியிலிருந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிப் போனது. மறுபடி பிடித்தாள், மறுபடி போனது. அதற்கு அவர் லேசாகச் சிரித்தார்.

"நீங்க என்னங்க போட்டுக்கறீங்க?"

"அதேதான். போட்டுப் பாக்காம யாருக்காச்சும் குடுத்திருக்கறனா? உனக்கு ஏத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஏத்திப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் எங்களுக்கும் புரிந்தது. ஒரு வருஷமாக அவரைத் தினமும் பார்த்தோம், மகளைப் பறிகொடுத்த மனுஷன் எப்படி அசராமல் கடை நடத்துகிறார் என்று மெச்சினோம். அவர் அழுதாரா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, பெற்றவள் அழவில்லையே என்றுதான் பேசிக்கொண்டோம்.

துளசிமணி அவருக்கும் கழுவ வேண்டும் என்றாள். நாச்சிமுத்து நியாயமான காரணங்கள் சொன்னார், நாளைக்குப் பூஜை, கடைக்கு ஆள் வருவார்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எல்லாவற்றையும் அன்பாகவே சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஒரு மோட்டார் தண்டுக்கு ரெண்டு பக்கமும் பேரிங் இருக்குதில்லீங்க. ஒரு பக்கம் போயிருச்சுன்னா மறுபக்கமும் தாங்காது. எனக்கு ஒருத்தியால தாங்க முடியலீங்க."

அவர் பயப்படக்கூட இல்லை, பயம் ஓடுகிற தடமும் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. அளவு எடுக்கிற தையல்காரரிடம் நீட்டுவதுபோலக் காலை நீட்டினார். அவள் முட்டிக் குமிழில் மண்ணெண்ணெய் ஏற்றினாள். வெளியே வந்த எண்ணெயில் இரும்புப் பொடி மினுமினுத்தது. அதைக் கண்டதும் ரங்கநாயகி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள், தடம் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். துளசிமணி நிறுத்தவில்லை. இரண்டு முட்டியும், இடுப்பும், தோளும், கழுத்தும், தாடையும், ஒவ்வொரு விரலுமாகக் கழுவினாள். எல்லா இடத்திலிருந்தும் அந்தப் பொடி வந்தது. கழுவி முடித்ததும் அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். கத்தவில்லை. சரளைக்கல்லின் மேல் சக்கரம் ஏறுவதுபோல நரநரவென்று மெல்ல ஒரு சத்தம் வந்தது.

தெருவில் பொரிக்கடலை விற்கிறவர் போனார். நாச்சிமுத்துவின் முகத்தில் எதுவும் மாறவில்லை என்று நாங்கள் நினைத்தோம். பிறகு அவர் தன் கையைப் பார்த்தார், அது மனைவியின் கைக்குள் நழுவாமல் இருந்தது. குனிந்து அவளிடம், கடையில் நின்ற மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம் புள்ள, நம்ம தாரணி செத்துப் போயிருச்சா?"

"ஆமாங்க" என்றாள் துளசிமணி. "கார்த்திகையிலயே போயிருச்சுங்க."